பதினெட்டுச் சுற்று

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோனது உன்னைச் சங்கடப்படுத்தியிருக்கும். நீ வெளிநாடு போவதைத் தாங்க முடியாமல்தான் அப்பா எழுந்துபோனார் என்று அம்மாவிடம் சொன்னாயாம். அந்த வருத்தம் இல்லாமல் இல்லை. இன்னும் பத்து நாளில் வீட்டில் நானும் அவளும் டி.வி.யும்தான். ஆனால் அன்றைக்கு நான் எழுந்தது அதற்காக இல்லை. தட்டுக்குப் பக்கத்தில் லேப்டாப்பைத் திறந்து வைத்து, நீ போகப்போகிற நகரத்தின் தண்ணீர்க் குழாய்களையெல்லாம் நீலக் கோடுகளாகக் காட்டினாய். இனி அந்த ஊரில் வால்வ் திருப்ப ஆளே வேண்டாம், ஆபீஸில் உட்கார்ந்தபடி திறக்கலாம், மூடலாம் என்றாய். முப்பது வருஷம் பெங்களூர்த் தெருக்களில் இரும்புச் சாவியைத் தோளில் போட்டு அலைந்த வால்வ் மேனின் பிள்ளை இதைச் செய்திருக்கிறானே என்று எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அப்புறம் ஒரு பேட்டையை விரலால் தொட்டாய். அங்கிருந்த கோடுகள் மெல்ல மெல்ல வெளுத்துச் சாம்பல் நிறமாயின. "பாருப்பா, பட்டுனு மூடாது. நீ எப்பவும் சொல்லுவியே, கொஞ்சம் கொஞ்சமாத்தான் மூடணும்னு? அதையே ப்ரோக்ராம்ல போட்டுட்டேன். பதினஞ்சு நாள் எடுத்துக்கும், யாருக்குமே தெரியாது. டீம்ல இதுக்கு உன் பேரையே வச்சிட்டேன்" என்று சிரித்தாய். கையிலிருந்த கவளத்தைத் தட்டிலேயே போட்டுவிட்டு எழுந்தேன்.

ஏன் என்று உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வராது, அதனால் எழுதுகிறேன். புத்திமதி என்று நினைத்துக்கொள்ளாதே. புத்தி சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை என்பதுதான் இந்தக் கடிதமே.

வால்வை ஒரேயடியாக மூடக் கூடாது என்று நான் உனக்குச் சின்ன வயதில் சொன்னது உண்மை. ஓடி வருகிற தண்ணீரைச் சட்டென்று நிறுத்தினால் அது திரும்பி வந்து குழாயை அறையும். தெருவே அதிர்கிற மாதிரி 'டம்' என்று சத்தம் கேட்கும், பழைய குழாயாக இருந்தால் வெடித்துவிடும். இன்னொன்றும் உண்டு, அதை உனக்குச் சொன்னேனா என்று நினைவில்லை. பதினெட்டுச் சுற்று வால்வ் ஒன்றை மூடத் தொடங்கினால், முதல் பத்துச் சுற்றுவரை ஒன்றுமே தெரியாது. குழாயடியில் குடம் எப்போதும்போல நிரம்பும். பதினொன்று, பன்னிரண்டில் கொஞ்சம் இளைத்த மாதிரி இருக்கும். கடைசி நாலு சுற்றில்தான் தண்ணீர் நூலாகி, சொட்டாகி, நிற்கும். சனங்களுக்கு அது அன்றைக்குத்தான் குறைந்த மாதிரி தோன்றும். இதெல்லாம் தொழிலில் கைக்குப் பழகிப்போகிற விஷயம், இதில் தப்பு ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு இந்த வேலை கிடைத்த அன்று உன் தாத்தா ஒக்கலிபுரம் சந்து முழுக்க மைசூர்பாகு கொடுத்தார். ரயில்வே ஷெட்டில் கரி அள்ளியவர் அவர். கூடத்தில் மாட்டியிருக்கும் நீலக் கோட்டுத் தலைவர் படத்துக்கு முன்னால் என்னை நிறுத்தி, "ஊர்க் கெணத்துல நம்ம கயிறு எறங்கக் கூடாதுன்னு சொன்னானுங்க. இப்ப எம் புள்ள தொறந்தாத்தான் இந்த ஊருக்குத் தண்ணி" என்று வந்தவன் போனவனிடமெல்லாம் சொன்னார். அந்தத் தலைவர் ஆயிரக்கணக்கான பேரை அழைத்துப்போய் ஒரு குளத்தில் கை நிறையத் தண்ணீர் அள்ளிக் குடித்த கதையை அவர் எனக்குச் சொன்னார், நான் உனக்குச் சொன்னேன். நீ பள்ளிக்கூடத்தில் மேடையேறிச் சொல்லிப் பரிசும் வாங்கினாய். படத்தைத் துடைத்து மாலை போடுவதில் நம் வீட்டில் ஒரு வருஷமும் குறை வைத்ததில்லை.

நான் ரிட்டயர் ஆவதற்கு முந்தின கோடை உனக்கு நினைவிருக்கும். நீ இன்ஜினியரிங் கடைசி வருஷம். ஊர் முழுக்க போர்வெல் காய்ந்து, பெரிய பெரிய அபார்ட்மெண்ட்காரர்கள்கூட லாரித் தண்ணீருக்கு நின்றார்களே, அந்தக் கோடை. என்னை ஊரின் கிழக்குக் கோடிக்கு மாற்றியிருந்தார்கள். அங்கே ஒரு காலி மனையில் நீலத் தார்ப்பாய் ஷெட்டுகள். குப்பை பிரிக்கிறவர்கள், கட்டட வேலைக்காரர்கள், பாதிப்பேர் வங்காளம் பேசுகிறவர்கள். அவர்களுக்கென்று ஒரு பொதுக் குழாய், அதற்குத் தனியாக ஒரு பதினெட்டுச் சுற்று வால்வ். ஒரு நாள் காலையில் எங்கள் ஜூனியர் இன்ஜினியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மேலிந்த போன் பந்திதே. ஆ ஷெட் லைன் பந்த் மாடி. காகத ஏனூ பேடா" என்றார். மேலேயிருந்து போன் வந்திருக்கிறது, நிறுத்திவிடு, காகிதமெல்லாம் வேண்டாம் என்று. புல்டோசர் வந்தால் யாராவது போனில் படம் பிடிப்பார்கள். தண்ணீர் நின்றால் எதைப் படம் பிடிப்பது? அவர்கள் தாங்களாகவே கிளம்பிப் போய்விட வேண்டும், அவ்வளவுதான் திட்டம். யார் சொன்னது, எதற்கு, எழுதிக் கொடுங்கள் என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ரிட்டயராக ஒரு வருஷம்கூட இல்லை, நமக்கு எதற்கு வம்பு என்று இருந்துவிட்டேன்.

ஒரே நாளில் மூட மனசு வரவில்லை. அதனால் தண்ணீர் விடும் முறை நாள் ஒவ்வொன்றிலும் இரண்டு சுற்று மூடினேன். பாவம், சட்டென்று நின்றால் தவித்துப்போவார்கள், கொஞ்சம் கொஞ்சமாக என்றால் பழகிக்கொள்வார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இதை நான் இரக்கம் என்றே நம்பினேன், தம்பி. சட்டென்று மூடியிருந்தால் அன்றைக்கே கூட்டம் சேர்ந்திருக்கும், யாராவது ஆபீஸுக்கு வந்து சத்தம் போட்டிருப்பார்கள், பேப்பரில் ஒரு மூலையிலாவது வந்திருக்கும். நான் செய்த விதத்தில் அவர்கள் வெயிலைத் திட்டினார்கள், மழையைத் திட்டினார்கள், குழாயடியில் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டார்கள். என் பக்கம் யாரும் திரும்பவே இல்லை. கோடை எனக்காகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது.

அங்கே ரஹிமா என்று ஒரு பெண் இருந்தாள். அசாமில் பிரம்மபுத்திரா கரைக்காரி. என்னுடைய தெரு உருதுவும் அவளுடைய அரைகுறை இந்தியும் சேர்ந்து ஒரு மாதிரி பேசிக்கொள்வோம். ஊரில் என்ன வேலை, நிலம் கிலம் இல்லையா என்று ஒருமுறை கேட்டேன். "நதி லே கயா, சாச்சா" என்றாள். ஆறு எடுத்துக்கொண்டு போய்விட்டது, சித்தப்பா என்று. ஒரு மழைக்காலத்தில் வயல், மறு மழைக்காலத்தில் வீடு. மிச்சம் இருந்த காகிதங்களை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு இடுப்பிலேயே வைத்திருந்தாள், யார் எப்போது கேட்பார்களோ என்று. நான் பன்னிரண்டாவது சுற்றைத் திருப்பிவிட்டு நிமிர்ந்த அன்று, வெயிலில் நிற்கிறேனே என்று எனக்குப் பாலில்லாத டீ போட்டுக் கொண்டுவந்தாள். "தண்ணி ஏன் சாச்சா கம்மியாயிட்டே வருது?" என்று கேட்டாள். எல்லா இடத்திலும் இப்படித்தான், கோடை என்றேன். தண்ணீரைக் கூட்டத்தான் நான் முயற்சி செய்து பார்ப்பதாக அவளே நினைத்துக்கொண்டு, தொழுகையில் சொல்லி வேண்டிக்கொள்கிறேன், உங்கள் பெயர் என்ன என்றாள். வாயில் வந்த ஏதோ ஒரு பெயரைச் சொன்னேன். டீயைக் குடித்து முடித்துத் தம்ளரை அவள் கையில் கொடுத்தேன். அவள் சேர்த்து வைத்திருந்த தண்ணீரில் போட்ட டீ அது.

இந்த இடத்தில் நீயும் வருகிறாய். அந்தக் கோடையில் நீயும் உன் சிநேகிதர்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் கேன் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தது அதே ஷெட்டுகளுக்குத்தான். ஒரு நாள் முகமெல்லாம் சிவந்து வந்தாய். "அப்பா, நெஜமா சொல்லு. யாரோ வேணும்னே லைனை மூடுறாங்களா? நாங்க மனித உரிமை கமிஷனுக்கு எழுதப்போறோம்" என்றாய். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கலாம். "டேய், அணையிலயே தண்ணி இல்ல. உனக்கு எல்லாத்துலயும் சதிதான் தெரியும். போய்ப் படிக்கிற வேலையப் பாரு." நீ வாசலில் நின்று சிநேகிதனுக்குப் போன் செய்ததை நான் உள்ளேயிருந்து கேட்டேன். "எங்கப்பா முப்பது வருஷமா வால்வ் மேன்டா. அவரே சொல்றாரு, கோடைதானாம்." நீங்கள் அந்த மனுவை அனுப்பவில்லை. அடுத்த வாரம் ரஹிமாவின் சின்னப் பெண் ராஜகால்வாய்ச் சாக்கடை ஓரத்துக் குழித் தண்ணீரைக் குடித்து வாந்தியும் பேதியுமாகப் படுத்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள் என்றார்கள். நான் பதினெட்டாவது சுற்றைத் திருப்பிய நாலாம் நாள் அந்த மனையில் தார்ப்பாய்க் கிழிசல்தான் கிடந்தது. அந்தக் குழந்தை பிழைத்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பொய் சொன்னது நான். ஆனால் அதற்கு உன் வாயையும் பயன்படுத்திக்கொண்டேன். அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

இன்னொருவன் செய்திருந்தால்கூடப் போகட்டும் என்பேன். காவிரிக் கலவரத்தின்போது நம் சந்தில் தமிழ்ப் போர்டுகளைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, அடுப்புப் பற்றவைக்காமல் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தோம். எதிர்வீட்டுக் கன்னடக்காரர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வந்தவர்களிடம் "இல்லி யாரூ இல்ல, ஹோக்ரப்பா" என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். இங்கே யாரும் இல்லை, போங்கப்பா என்று. பிறந்து வளர்ந்த ஊரில் வெளியாள் என்று கேட்பது எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்துதான் சாவியை எடுத்தேன்.

நான் டி.வி.யோடு சண்டை போடுகிறேன் என்று நீயும் அம்மாவும் கேலி செய்வீர்கள். காரணம் இதுதான். காசாவுக்குத் தண்ணீரை நிறுத்துகிறோம் என்று ஒரு மந்திரி மைக்கில் சொன்னபோது, எல்லோரும் அந்த மந்திரியைத் திட்டினார்கள். எனக்கு மந்திரி கண்ணில் படவே இல்லை. எங்கேயோ ஒருவன் காலையில் நாஷ்டா சாப்பிட்டுவிட்டு வேலைக்கு வந்து அதை மூடியிருப்பான், சாயங்காலம் வீட்டுக்குப் போய்ப் பிள்ளையின் பாடம் கேட்டிருப்பான், அவன் எப்படித் தூங்கினான் என்றுதான் யோசித்தேன். அவன் நன்றாகவே தூங்கியிருப்பான். நானும் தூங்கினேன். பெரிய அநியாயமெல்லாம் பெரிய ஆட்கள் செய்வது என்று நாம் பேசிக்கொள்வது நமக்குச் சௌகரியமாக இருக்கிறது. அவர்கள் போன்தான் செய்கிறார்கள்.

இயற்கைச் சீற்றம் என்று செய்தியில் சொன்னாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. உலகத் தலைவர்கள் வருஷா வருஷம் ஒரு ஊரில் கூடி, பூமி சூடாகிறது என்று கவலைப்பட்டு, நன்றாகச் சாப்பிட்டு, படம் எடுத்துக்கொண்டு கலைகிறார்கள். எல்லோரையும்விட அதிகமாகப் புகைவிட்டு வளர்ந்த பணக்கார நாடு கல்யாணப் பந்தியில் கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி ஒப்பந்தத்திலிருந்து எழுந்து போகிறது, திரும்ப வந்து உட்காருகிறது, மறுபடி எழுந்து போகிறது. நாமும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஏரியைத் தூர்த்து மனை போட்டுவிட்டு, மழைக்கு டெக் பார்க்கில் படகு விட்டால் மேகத்தைக் குறை சொல்கிறோம். ரஹிமாவின் வயலை ஆறு கொண்டுபோனதற்கு அவள் என்ன செய்தாள்? அவள் வாழ்க்கையில் ஒரு காரில்கூட ஏறியிருக்க மாட்டாள். ஆற்றிடமிருந்து தப்பி இங்கே வந்தால் நான் நிற்கிறேன், என்னிடமிருந்து தப்பினால் எந்த நாட்டுக்காரி நீ என்று கேட்க ஒருவன் நிற்கிறான். உலகத்தில் எந்த எல்லையைப் பார்த்தாலும் இதே கதைதான். வெயிலும் வெள்ளமும் விரட்டுகிற சனங்களை மனிதர்கள் வழியில் நின்று திருப்பி அனுப்புகிறார்கள், செத்தால் வெயில் கணக்கில் எழுதிவிடுகிறார்கள்.

உரிமை என்கிறார்களே, அதுவும் இப்படித்தான் போகிறது என்று எனக்குப் படுகிறது. ஒரு பத்திரிகைக்காரன் ஜெயிலுக்குப் போகிறான், நம் வீட்டுக் குடம் நிரம்புகிறது. ஓட்டுப் பட்டியலில் யாரோ ஒரு தெருவைக் காணோம், நம் தெரு இருக்கிறது. பேசும் பாஷையைக் கேட்டே ஒருவனை வண்டியில் ஏற்றி எல்லைக்கு அந்தப் பக்கம் தள்ளுகிறார்கள், நம் பாஷை அது இல்லை. இது எத்தனையாவது சுற்று என்று யாரும் எண்ணுவதில்லை. எண்ணத் தெரிந்த என்னைப் போன்றவர்கள் வாயைத் திறப்பதில்லை. இதெல்லாம் சரியாகிவிடும் என்று உனக்கு எழுத ஆசைதான். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை, தம்பி. உன் காலத்தில் இது இன்னும் மோசமாகும் என்றே நினைக்கிறேன்.

இதை எழுதும்போது அம்மா காய் நறுக்கிக்கொண்டே பக்கத்தில் இருக்கிறாள். அவளிடம் முதல்முறையாக நேற்றுத்தான் முழுசாகச் சொன்னேன். "புள்ள ஊருக்குப் போற நேரத்துல இத எதுக்குச் சொல்றீங்க?" என்றாள். அப்புறம் அவளே, "அந்தக் கோடைல நீங்க வீட்டுல ஒரு சொம்பு தண்ணிகூட முழுசாக் குடிக்கல. எனக்கு அப்பவே என்னமோன்னு இருந்துச்சு. நானும்தான் கேக்கல" என்றாள்.

போன மாதம் பஸ் பிடித்து அந்த மனைக்குப் போயிருந்தேன். ரஹிமாவைப் பற்றிச் சுற்றுவட்டாரக் குப்பைக் கடைகளிலெல்லாம் விசாரித்தேன், ஒருவருக்கும் தெரியவில்லை. மனையில் மறுபடி ஷெட்டுகள் முளைத்திருக்கின்றன. இந்தமுறை ராய்ச்சூர்ப் பக்கத்து சனங்கள், நல்ல கன்னடம் பேசுகிறவர்கள். கேன் வாங்கித்தான் குடிக்கிறார்கள். பொதுக் குழாய் துருப்பிடித்து நிற்கிறது. அங்கே இப்போது வால்வ் பார்க்கிற பையனிடம் கேட்டேன். "அது டெட் லைன் சார், பல வருஷமா தண்ணியே வர்றதில்ல" என்றான். மேப்பிலும் அப்படித்தான் இருக்கிறதாம். அவன் மேல் தப்பில்லை, மூடியது யார் என்று எங்கேயும் எழுதியில்லையே. அந்த வால்வின் இரும்பு மூடிமேல் நின்றுகொண்டு அவன் சொல்வதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். அன்றைக்கும் வாயைத் திறக்கவில்லை.

வேலையை விட்டுவிடு என்று உனக்குச் சொல்ல மாட்டேன். நான் விடவில்லை, உனக்கு எந்த முகத்தோடு சொல்வது? நீ மூடுகிற தெருவை ஒருமுறை நேரில் போய்ப் பார் என்றும் சொல்ல முடியாது. நான் அந்தத் தெருவில் டீ குடித்தே மூடினேன், பார்த்தால் மட்டும் என்ன ஆகிவிடும்? ஒன்று மட்டும் கேட்கிறேன். முதல் சுற்று திரும்பும்போதே, மூடச் சொன்னது யார், எதற்காக என்று அந்தச் சனங்களின் போனுக்கு ஒரு செய்தி போகிற மாதிரி உன் ப்ரோக்ராமில் சேர்க்கப் பார். அவர்கள் வெயிலைத் திட்டிக்கொண்டு நிற்காமல் வந்து ஆபீஸ் கதவைத் தட்டட்டும். உன் மேலதிகாரி வேண்டாம் என்பார். ஏன் வேண்டாம் என்று அவரை எழுதிக் கொடுக்கச் சொல். நான் கேட்காமல் விட்டது அந்தக் காகிதத்தைத்தான்.

நாளைக் காலையில் பழைய ஆபீஸுக்குப் போகிறேன். அந்த லைன் செத்த லைன் இல்லை, வாய்மொழி உத்தரவின்பேரில் பதினெட்டுச் சுற்றும் மூடியவன் நான் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, நகலில் சீல் வாங்கிக்கொண்டு வரப்போகிறேன். திறப்பார்களா என்றால், மாட்டார்கள் என்றுதான் தோன்றுகிறது. பைலில் போட்டுக் கட்டி வைப்பார்கள். இருந்தாலும் ரஹிமா கேட்டபோது நான் மறைத்த பெயரை அந்தக் காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுவேன். நீ விமானம் ஏறுவதற்குள் உன் ப்ரோக்ராமிலிருந்து என் பெயரை எடுத்துவிடு.

அப்பா